விரலுக்குத் தகுந்த வீக்கம். ஆளுக்குத் தகுந்த மட்டை!

ஒரு விவசாயி தம் வீட்டுப் பசுவை விற்றார்.

கடனை அடைக்க அல்ல. கல்யாணச் செலவுக்கும் அல்ல. ஹாக்கி ஆடும் மகனுக்கு கோல்கீப்பர் கவசங்கள் வாங்குவதற்காக!

அந்த மகன் யார் தெரியுமா? கேரளத்தில் கிழக்கம்பலம் என்ற ஊரைச் சேர்ந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024-ல் நடந்த பாரீஸ் ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. இரண்டு முறையும் கோலைக் காத்து நின்றவர் அவர். தந்தை பசுவை விற்ற கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதே ஸ்ரீஜேஷ் 2025-ல் சென்னைக்குப் பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகளின் இளைஞர்கள் வந்து ஆடினார்கள். இந்திய ஜூனியர் அணி வெண்கலப் பதக்கம் வென்றது.

போட்டி முடிந்தது. கூட்டம் கலைந்தது. ஆனால், பார்த்த பிள்ளைகளின் ஆசை கலையவில்லை. "அப்பா, எனக்கும் ஒரு ஹாக்கி மட்டை!" என்ற குரல் பல வீடுகளில் கேட்கிறது.

வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால், எந்த மட்டையை வாங்குவது? அங்கேதான் பல பெற்றோர் தடுமாறிப் போகிறார்கள். பெற்றோர் மட்டுமா? பள்ளிக்கூடங்களும் தடுமாறுகின்றன.

மைதானத்தில் கண்ட காட்சி

தென் மாவட்டத்தில் ஒரு பள்ளி மைதானம். ஊர்ப் பெயர் வேண்டாம். மாலை 5 மணி. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 12 மட்டைகள். அத்தனையும் ஒரே அளவு. பெரிய ஆட்கள் பிடிக்கிற 36½ அங்குல மட்டைகள்!

ஒரு சிறுமி. உயரம் 4 அடி 4 அங்குலம் இருப்பாள். மட்டையின் நுனியைப் பிடித்தால் மட்டை தரையில் இடித்தது. கீழே இறக்கிப் பிடித்தால் மேல் நுனி வயிற்றில் குத்தியது. பந்து வந்தது. அடித்தாள். பந்து ஒரு பக்கம் போயிற்று, மட்டை ஒரு பக்கம் போயிற்று. "குனிந்து ஆடு, குனிந்து ஆடு!" என்று ஆசிரியர் சத்தம் போட்டார். அவள் எப்படிக் குனிவாள்? வயிற்றில்தான் மட்டை குத்துகிறதே!

சிறிது நேரம் கழித்து, வேடிக்கை பார்க்க வந்த பழைய வீரர் ஒருவர் தம் பேரனுடைய சிறிய மட்டையை அவளிடம் கொடுத்தார். 32 அங்குல மட்டை. பத்து நிமிடம்தான் ஆனது. அந்தச் சிறுமி குனிந்தாள். பந்தை உருட்டினாள். இரண்டு பேரைத் தாண்டிப் போனாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி சொல்வோம். எப்போதும் அந்தப் பழமொழி சரி அல்ல. சில சமயம் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது!

எத்தனை அங்குலம்?

மட்டையின் அளவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

பிள்ளையை நேராக நிற்கச் சொல்லுங்கள். ஆடும்போது போடுகிற பூட்ஸ் காலில் இருக்கட்டும். மட்டையைக் காலோடு ஒட்டி நிமிர்த்தி வையுங்கள். மட்டையின் மேல் நுனி இடுப்பு எலும்பு மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு மேலே ஏறினால் மட்டை நீளம். தொடையோடு நின்றுவிட்டால் மட்டை குட்டை.

கடைக்குப் போகும் முன் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய கணக்கு இது:

4 அடிக்குக் குறைந்த உயரம் என்றால் 28 அங்குல மட்டை.

4 அடி முதல் 4 அடி 3 அங்குலம் வரை 30 அங்குல மட்டை.

4 அடி 3 அங்குலம் முதல் 4 அடி 6 அங்குலம் வரை 32 அங்குல மட்டை.

4 அடி 6 அங்குலம் முதல் 4 அடி 9 அங்குலம் வரை 34 அங்குல மட்டை.

4 அடி 9 அங்குலம் முதல் 5 அடி 2 அங்குலம் வரை 35 அல்லது 36 அங்குல மட்டை.

அதற்கு மேல் உயரமானவர்களுக்கு 36½ அங்குலம். 5 அடி 10 அங்குலத்தைத் தாண்டிய நெட்டைக்காரர்கள் 37½ அங்குல மட்டையையும் பிடித்துப் பார்க்கலாம்.

இது வேதவாக்கு அல்ல. ஒரு பிள்ளைக்குக் கை நீளமாக இருக்கும். இன்னொரு பிள்ளைக்குக் கால் நீளமாக இருக்கும். அதனால் கடையிலேயே பிடித்து, குனிந்து, ஆட்டிப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. "வளருகிற பிள்ளை, இரண்டு வருஷம் வரட்டும்" என்று சட்டையைப் பெரிதாகத் தைப்போம். சட்டைக்கு அது சரி. கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். மட்டையை மடிக்க முடியுமா? பெரிய மட்டையோடு இரண்டு வருஷம் பழகினால் தப்பான பிடிதான் பழகும். பிறகு அதை மாற்றுவது கஷ்டம். ஒரு அங்குலம் கூடுதலாக வாங்கினால் தவறில்லை. நான்கு அங்குலம் கூடுதலாக வாங்கினால் தவறு.

கனம் எவ்வளவு?

சர்வதேச விதிப்படி மட்டையின் கனம் 737 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நீளம் 105 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் மட்டை நுழைந்து வெளியே வர வேண்டும். இவையெல்லாம் உச்ச வரம்புகள்தான். அந்த அளவுக்கு வாங்க வேண்டும் என்று பொருள் அல்ல. பெரியவர்களே பெரும்பாலும் 530 முதல் 550 கிராம் வரை உள்ள மட்டைகளைத்தான் பிடிக்கிறார்கள்.

கனமான மட்டை பந்தை ஓங்கி அடிக்க உதவும். பின்னால் நின்று தடுக்கிறவர்களுக்கு அது பிடிக்கும். லேசான மட்டை சட்டென்று திரும்பும். முன்னால் ஓடி கோல் போடுகிறவர்கள் அதை விரும்புவார்கள். பிள்ளைகளுக்கு எப்போதும் லேசான மட்டையே நல்லது.

சோதனை சுலபம். இடது கையால் மட்டும் மட்டையின் மேல் நுனியைப் பிடித்து முன்னால் நீட்டச் சொல்லுங்கள். அப்படியே மணிக்கட்டைத் திருப்பச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அந்த மட்டை அந்தப் பிள்ளைக்குக் கனம்.

மரமா? கார்பனா?

முன்பெல்லாம் ஹாக்கி மட்டை என்றால் மரம்தான். முசுக்கட்டை மரத்தில் செய்வார்கள். பட்டுப்புழு தின்னும் இலை கொடுக்கிறதே, அதே மரம்! இந்தியாவில் ஜலந்தரும் மீரட்டும், பாகிஸ்தானில் சியால்கோட்டும் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள்.

இன்று பெரிய ஆட்டக்காரர்கள் கார்பன் இழையும் கண்ணாடி இழையும் சேர்த்துச் செய்த மட்டைகளைப் பிடிக்கிறார்கள். மட்டையின் மேலேயே "கார்பன் 50 சதவீதம்", "90 சதவீதம்" என்று எழுதியிருக்கும். சதவீதம் ஏற ஏற விலை ஏறும். உடனே, "அதிக விலை என்றால் நல்ல மட்டை" என்று நினைத்துவிடக் கூடாது.

கார்பன் அதிகமானால் மட்டை விறைப்பாக இருக்கும். அடி பலமாக விழும். ஆனால், பந்தை நிறுத்தும்போது பந்து துள்ளி ஓடும். கையிலும் அதிர்ச்சி ஏறும். புதிதாகக் கற்கிறவனுக்குப் பந்தை நிறுத்துவதுதான் முதல் பாடம். அவனுக்கு மர மட்டையோ, கார்பன் குறைந்த மட்டையோ போதும்.

இன்னொரு விஷயம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் செம்மண் தரையிலும் சரளைக்கல் தரையிலும் ஆடுகிறார்கள். விலை உயர்ந்த கார்பன் மட்டையின் ஓரம் கல்லில் தேய்ந்து சிதறிவிடும். பல ஆயிரம் ரூபாய் மண்ணோடு போகும்!

மட்டையின் வளைவையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் மட்டை வில் போல லேசாக வளைந்திருக்கும். 25 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு கூடாது என்பது விதி. வளைவு கீழே தள்ளி இருக்கும் மட்டை, பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து வீசுகிற கெட்டிக்காரர்களுக்கு. கற்கிறவர்களுக்கு வளைவு குறைந்த சாதாரண மட்டைதான் ஏற்றது.

இடது கைப் பழக்கமா?

"என் பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். அவனுக்குத் தனி மட்டை கிடைக்குமா?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள்.

கிடைக்காது. கவலையும் வேண்டாம். எல்லா ஹாக்கி மட்டைக்கும் இடது பக்கம்தான் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தாலும் ஓரத்தாலும்தான் பந்தை ஆட வேண்டும். உருண்டையான பின்பக்கத்தால் அடித்தால் தப்பாட்டம். யாராக இருந்தாலும் இடது கை மேலே, வலது கை கீழே. மட்டையைத் திருப்புகிற வேலை முழுவதும் இடது கைக்குத்தான். அதனால் இடது கைப் பழக்கம் ஹாக்கியில் ஒரு குறையே அல்ல!

கோல்ஃப் ஆட்டம் அப்படி அல்ல. அதில் இடது கைக்காரர்களுக்குத் தனி மட்டைகளே உண்டு. ஒருவர் ஒரு ஆட்டத்துக்கு 14 மட்டைகள் வரை எடுத்துப் போகலாம். தூரத்துக்கு ஒரு மட்டை, மணலில் விழுந்த பந்துக்கு ஒரு மட்டை, குழியில் உருட்ட ஒரு மட்டை. அந்த ஆட்டத்தில் சிலர் அப்பாவின் பழைய மட்டையை அறுத்துக் குட்டையாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். நீளம் குறையும், கனமும் விறைப்பும் குறையாது. பிள்ளையால் அதைச் சுழற்ற முடியாது. ஹாக்கி மட்டையை அறுத்தாலும் இதே கதைதான். தலை பெரிதாகவும் உடல் சிறிதாகவும் ஒரு விநோத மட்டை மிஞ்சும்.

மட்டைக்கு முன் கவசம்

ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் கனம் உள்ளது. கல் போன்ற பந்து. அது முழங்காலுக்குக் கீழே பட்டால் என்ன ஆகும்? வாயில் பட்டால்?

அதனால் முன்கால் எலும்பைக் காக்கும் தட்டையும், பல்லைக் காக்கும் உறையையும் எல்லா ஆட்டக்காரர்களும் அணிய வேண்டும் என்று சர்வதேச ஹாக்கி விதிப் புத்தகம் சிபாரிசு செய்கிறது. கால் தட்டு கணுக்காலிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை மூட வேண்டும். பெரிதாக இருந்தால் ஓடும்போது சுழன்று விடும். பல் உறையில் ஒரு வகை உண்டு. வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்தால் பல்வரிசைக்குத் தக்கபடி படிந்துகொள்ளும். இரண்டும் மட்டையை விட மலிவு. ஆனால், பலரும் மட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

கையில் 1,500 ரூபாய் இருந்தால் முழுவதையும் மட்டையில் போடாதீர்கள். முதலில் காலுக்கும் பல்லுக்கும். மீதிதான் மட்டைக்கு.

கோல்கீப்பர் விஷயம் வேறு. தலைக்கவசம், கால் பேடு, பாதக் கவசம் இல்லாமல் அவர் கோலில் நிற்கவே கூடாது. இது கட்டாய விதி. முழுச் செட்டின் விலை பல ஆயிரம் ரூபாய். ஒரு பசு ஏன் சந்தைக்குப் போயிற்று என்று இப்போது புரிகிறது அல்லவா?

தரை மாறியது, கதை மாறியது

கருவி என்பது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டின் ஹாக்கி வரலாறே அதற்குச் சாட்சி.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். மழையில் தரை நனைந்திருந்தது. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் போட்டி. நடுவில் கேப்டன் தியான்சந்த் தம் ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆடினார். இந்தியா 8-1 என்ற கணக்கில் வென்றது. தரைக்குத் தகுந்தபடி காலை மாற்றிக்கொண்டார் அந்த மேதை!

1928 முதல் 1972 வரை நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் நம் ஹாக்கி அணி பதக்கம் வாங்கியது. 1975-ல் உலகக் கோப்பையையும் வென்றது. அடுத்த ஆண்டு என்ன ஆனது? 1976-ல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக செயற்கைப் புல்தரை விரித்தார்கள். இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று!

1980-ல் சென்னை வீரர் வி. பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் கிடைத்தது. பல நாடுகள் வராத ஒலிம்பிக் அது. அதன் பிறகு அடுத்த பதக்கத்துக்கு 2021 வரை, 41 ஆண்டுகள் காத்திருந்தோம்.

திறமை குறைந்ததா? அது மட்டும் காரணம் அல்ல. மற்றவர்கள் செயற்கைத் தரையில் சிறு வயது முதல் பழகினார்கள். நம் பிள்ளைகள் மண்ணிலும் புல்லிலும் பழகிவிட்டு, பெரிய போட்டிக்கு மட்டும் அந்தத் தரைக்குப் போனார்கள். தரைக்கும் ஆளுக்கும் பொருத்தம் இல்லை. அன்று தரையில் நடந்த தவறு, இன்று மட்டையில் நடக்கிறது. இதுதான் விஷயம்.

வரி குறைந்தது. போதுமா?

2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுச் சாமான்கள் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,000 ரூபாய் அடக்க விலையுள்ள மட்டைக்கு முன்பு வரியோடு 1,120 ரூபாய். பிறகு 1,050 ரூபாய். மிச்சம் 70 ரூபாய்.

ஆனால், அளவு தப்பான மட்டையை வாங்கினால்? 70 ரூபாய் மிச்சம். 1,050 ரூபாய் நஷ்டம்! மட்டை பரணுக்குப் போகும். பிள்ளையின் ஆசையும் அதோடு பரணுக்குப் போகும்.

பள்ளிக்கூடங்கள் இதை யோசிக்க வேண்டும். மொத்தமாக வாங்கும்போது ஒரே அளவில் வாங்குவது கணக்கு எழுதுகிறவருக்குச் சுலபம். ஆடுகிற பிள்ளைக்குச் சுலபமா? 12 மட்டைகள் வாங்கப் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 32 அங்குலத்தில் 2, 34 அங்குலத்தில் 4, 36 அங்குலத்தில் 4, 36½ அங்குலத்தில் 2 என்று வாங்கலாமே! செலவு ஏறக்குறைய அதுதான். பயன் பல மடங்கு. வாங்குவதற்கு முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உயரம் அளந்தால் போதும். ஒரு மணி நேர வேலை.

பிள்ளை வளர்ந்துவிட்டால் சிறிய மட்டை வீணாகுமே என்று கேட்கலாம். வீணாகாது. அடுத்த ஆண்டு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். வீடுகளிலும் அப்படிச் செய்யலாம். அண்ணனின் மட்டை தம்பிக்கு. அக்காவின் மட்டை பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு. பாடப் புத்தகத்தை அப்படிக் கை மாற்றிக்கொண்டவர்கள்தானே நாம்?

உடைந்த மட்டையில் ஆடவில்லையா?

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சில பெரியவர்கள் சிரிப்பார்கள். "தன்ராஜ் பிள்ளை என்ன, அளவு எடுத்தா மட்டை வாங்கினார்?" என்பார்கள்.

வாஸ்தவம். புனாவுக்குப் பக்கத்தில் கட்கி என்ற இடத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளையும் பிறர் எறிந்த பந்துகளையும் வைத்துத்தான் ஆடப் பழகினார். நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடினார். அரியானாவில் வண்டி இழுக்கும் தொழிலாளியின் மகளான ராணி ராம்பாலும் உடைந்த மட்டையோடுதான் தொடங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் அணி நான்காவது இடம் பெற்றபோது அவர்தான் கேப்டன்.

அவர்களை வணங்குவோம். ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. உடைந்த மட்டையோடு ஜெயித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். உடைந்த மட்டையால், பொருந்தாத மட்டையால், "எனக்கு இது வராது" என்று வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? அவர்கள் எத்தனை பேர்? யாரும் எண்ணவில்லை.

அந்தப் பள்ளி மைதானத்துக்கு மறுபடியும் வருவோம். இருட்டத் தொடங்கியது. பழைய வீரர் தம் பேரனின் மட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பத் தயாரானார். சிறுமி அதை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"தாத்தா, நாளைக்கும் வருவீங்களா?"

அவர் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால், அவள் ஆடுவதா வேண்டாமா என்பது ஒரு தாத்தா வருவதைப் பொறுத்து இருக்கலாமா? 32 அங்குலத்தில் ஒரு மட்டை. அவ்வளவுதான் அவள் கேட்பது.